பாயோடு ஒட்டியவர்

போன வருடம் கொழும்பில், எங்கள் அலுவலகத்தின் மதிய உணவு மேசையில், புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒவ்வொருவராக ஊர் விசாரித்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். வீட்டில் பொரித்த மோர்மிளகாயை ஒரு போத்தலில் கொண்டுவந்து எல்லோருடைய தட்டிலும் இரண்டிரண்டாக வைக்கிறவர். என் முறை வந்தது. "மட்டக்களப்பு" என்றேன். "ஓ, பாயோடு ஒட்டவைத்துவிடுவீர்களே!" என்றார். மேசை சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சொன்னதைவிட, கூடச் சேர்ந்து நான் சிரித்ததுதான் பிறகு பல நாள் தொண்டையில் முள்ளாக நின்றது.

இலங்கையில் தமிழ் பேசும் யாருக்கும் இந்தப் பகிடியை விளக்கத் தேவையில்லை. எங்கள் ஊரைப் பற்றி வெளியூருக்குத் தெரிந்தவை மூன்று: பாடும் மீன், எருமைத் தயிர், பாய். மீன் பாடியதைக் காதால் கேட்டவர் குறைவு. தயிரைச் சாப்பிடாதவர் அதைவிடக் குறைவு. பாயைப் பற்றிச் சொல்வதற்கு மட்டும் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். யாரோ ஒரு சித்தப்பா கிழக்குக்கு வேலைக்குப் போனார், அங்கேயே கல்யாணம் செய்தார், திரும்பி வரவில்லை. வசிய மருந்து போட்டு, பாயோடு ஒட்டவைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் கதை. அந்தச் சித்தப்பாவுக்குப் பிறகு என்ன ஆனது, அவர் என்ன சாப்பிட்டார், யாருடன் சண்டை பிடித்தார், எந்தச் சுடலையில் எரிந்தார் என்று ஒருவரும் சொல்வதில்லை.

எனக்குத் தெரியும். அந்தச் சித்தப்பா என் பெத்தப்பா, அம்மாவின் அப்பா. பாயை இழைத்தவர் என் பெத்தா.

இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் அம்மம்மா என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் கடைசிவரை பெத்தா என்றுதான் அழைத்தேன். களுவாஞ்சிக்குடியிலிருந்து அதிக தூரமில்லாத ஊர். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு தெரு, தெருவின் இரண்டு பக்கமும் தென்னை. பெத்தாவுக்கு ஆண்டுக் கணக்கு தெரியாது. அவருடைய நாட்காட்டியில் அழிவுகள்தான் இருந்தன. அம்மா பிறந்தது 1957 நவம்பரில். பெத்தாவைக் கேட்டால் "பெருவெள்ளத்துக்கு முந்தின மாதம்" என்பார். பிறகு சூறாவளி, பிறகு சுனாமி. நான் பெரியபிள்ளையானது "சூறாவளிக்கும் சுனாமிக்கும் நடுவில்". இதில் யுத்தத்தை ஏன் சேர்க்கவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "அது ஒருநாளில் வந்து போனதா மனே, அதைக் கணக்கு வைக்க?" என்றார்.

பாய் இழைப்பது அவருடைய தொழில் என்று சொல்ல முடியாது. தொழில் என்றால் நிறுத்துகிற நேரம் என்று ஒன்று இருக்கும். வாவிக்கரைச் சதுப்பில் அறுத்த பன் புல்லை வெயிலில் காயவைத்து, ஒரு பங்கைச் சாயப்பொடியோடு பானையில் அவித்து, சிவப்பு, பச்சை, ஊதா என்று கொடியில் தொங்கவிடுவார். விடியப்புறமே இழைக்கக் குந்திவிடுவார். வெயில் ஏறினால் பன் காய்ந்து முறியும், தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் பக்கத்தில் இருந்து பார்த்தது இதுதான்: இழைத்த பகுதியின் மேலேயே குந்தியிருப்பார். இடது கால் பெருவிரல் ஒரு பன்னை அழுத்திப் பிடித்திருக்கும். கைகள் இரண்டும் குறுக்கே ஓடும், உதடு சத்தமில்லாமல் எண்ணும். பாய் வளர வளரக் குதிகாலால் உந்தி நகர்வார். மூன்று நான்கு நாளில் ஒரு மூலையில் தொடங்கியவர் எதிர் மூலைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். பாயோடு ஒட்டிய ஆள் எங்கள் வீட்டில் ஒருவர் உண்டென்றால் அது பெத்தாதான். அவருடைய குதிகால் தோலில் பன்னின் வரி பதிந்தே கிடந்தது. இறந்த பிறகு குளிப்பாட்டிய சின்னம்மாவும் அதைத்தான் சொல்லி அழுதார்.

அலுவலகத்தில் சிரித்துவிட்டு வந்த அன்றிரவு, நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை எல்லாம் படுக்கையில் கிடந்தபடி சொல்லிப் பார்த்தேன். முதல் பதில், மேடைகளில் எங்கள் ஆட்களே சொல்வது: ஒட்டவைப்பது மந்திரமல்ல, விருந்தோம்பல். படலை திறந்தால் முதலில் பாய் விரிப்போம், அடுத்து வட்டாவில் வெற்றிலை வரும், பிறகுதான் என்ன விசயம் என்று கேட்போம். வந்தவருக்கு எழும்பிப் போக மனம் வராது, அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் நானே இதைச் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறேன். இப்போது கேட்டால் கூசுகிறது. பகிடி செய்தவரிடம் போய் நன்னடத்தைச் சான்றிதழ் நீட்டுவது போன்ற பதில் அது.

வீடு யாருடையது

இரண்டாவது பதிலைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் கண்டுபிடித்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழியில் வரும். கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த நாள் என்று பார்த்தால், பிள்ளை நிற்பது தாயின் குடியோடு. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை அவள் பெயருக்கு எழுதுவார்கள், மாப்பிள்ளை அங்கே வருவார். தாய்வழிச் சொத்துரிமையைச் சொல்லும் முக்குவர் சட்டம் என்று ஒன்று முன்னர் இருந்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது வழக்கொழிந்தது. வீட்டைப் பெண்ணுக்கு எழுதும் பழக்கம் அதற்குப் பிறகும் போகவில்லை. என் அம்மாவின் கல்யாணத்தோடு பெத்தா பெரிய வீட்டை விட்டிறங்கி, அதே வளவின் பின்பக்கத்தில் கிடுகு வேய்ந்த இரண்டு அறை வீட்டுக்கு மாறினார். அவருடைய தாயும் அவருக்கு அப்படித்தான் செய்திருந்தார். யாரும் அதைத் தியாகம் என்று நினைக்கவில்லை. சமையல் பானைகளை முற்றத்தின் குறுக்கே இருபது அடி தூக்கிக்கொண்டு போனார்கள், வேலை முடிந்தது.

அதனால் என் வாதம் இப்படிப் போகும்: மாப்பிள்ளை வீட்டோடு வந்திருப்பது எங்கள் வழமை. யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்திக்கு அது மகனைப் பறிகொடுத்தது போலத் தெரிந்திருக்கிறது. வழமை புரியாதபோது மருந்து என்று பெயர் வைத்துவிட்டார்கள். தனக்கென்று வீடும் வளவும் உள்ள பெண் எதற்காக ஒருவனைக் கட்டி வைக்க வேண்டும்? அவன் போனால் ஒரு பெட்டியோடு போவான், அடுப்பு அணையாது. கேட்பதற்கு எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது! இதை வைத்து ஒரு கட்டுரைகூட எழுதினேன், நல்ல புள்ளி கிடைத்தது.

பெத்தப்பா 1953இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியராக வந்தவர். ஊரே அவரை வாத்தியார் என்றது, பெத்தாவும் அப்படியே. புருசனுக்கு முன்னால் "இஞ்சேருங்கள்", மற்றவர்களிடம் "வாத்தியார்". 1955இல் கல்யாணம். அவர் பெத்தாவை நீர், உமக்கு என்றுதான் அழைப்பார். "இஞ்சரும், தேத்தண்ணி தாரும்" என்று அவர் கேட்பதை வேலிக்கு வெளியே நின்று பிள்ளைகள் நடித்துக் காட்டுவார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் எங்கள் ஊரில் இருந்தும் ஒரு வசனத்தின் முடிவில்கூட "கா" போடப் பழகவில்லை. மீன் ஆணத்தில் புளி கூடிவிட்டது என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை சோறு போடக் கேட்பார். வைகாசிச் சடங்குக்கு எல்லோரும் செட்டிபாளையம் கண்ணகை அம்மனிடம் போனால், குளிர்த்தி முடியும்வரை சனத்துக்கு வெளியே குடையோடு நிற்பார். அவருக்கு அங்கே குடி இல்லை. அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவர் இறந்தபோது எனக்குப் பதினொரு வயது. பென்சில் சீவும்போது கூர் உடையாமல் சீவக் கற்றுத் தந்தார் என்பதுதான் எனக்கு அவரைப் பற்றி உறுதியாக நினைவிருப்பது.

மூன்று மாதம்

2012இல் விடுமுறையில் போயிருந்தேன். பெத்தாவுக்கு எழுபத்தெட்டு. கண் மங்கிவிட்டது, சாய நிறம் பிடிபடவில்லை, அதனால் வெள்ளைப் பாய் மட்டும் இழைத்தார். என் வாதத்தை அவருக்கு ஒருநாள் விளக்கினேன். யாழ்ப்பாணத்தில் இப்படிச் சொல்கிறார்கள், அது எவ்வளவு அறியாமை, நம் வழமை என்ன, எல்லாம். அவர் எண்ணிக்கொண்டே கேட்டார். கடைசியில் நான் சிரித்து, "நீங்கள் என்ன, வாத்தியாருக்கு மருந்தா போட்டீர்கள்?" என்றேன்.

"போட்டேன்தான் மனே" என்றார். கை நிற்கவில்லை.

நடந்தது 1963 மார்கழி விடுமுறையில். வாத்தியாருடைய தாய்க்குச் சுகமில்லை என்று கடிதம் வந்து யாழ்ப்பாணம் போனார். மட்டக்களப்பில் ரயில் ஏறி, மாகோவில் இறங்கி, வடக்கே போகிற ரயிலுக்குக் காத்திருந்து போகிற பயணம். இரண்டு கிழமையில் வருவேன் என்றார். பெத்தாவுக்கு அப்போது வயிற்றில் சின்னம்மா, ஐந்து மாதம். பள்ளிக்கூடம் தொடங்கியது, அவர் வரவில்லை. பொங்கல் வந்தது, புக்கையைப் பொங்கி, அவர் பங்கையும் பிள்ளைகளுக்கே போட்டார். மாசியில் கடிதம் வந்தது. வாத்தியார் எழுதியதல்ல, அவருடைய தமையன் எழுதியது. தாய் படுக்கையில் இருக்கிறார், இங்கேயே இடமாற்றம் எடுக்கப் பார்க்கிறோம், பிள்ளை பிறந்து கொஞ்சம் வளர்ந்த பிறகு எல்லோரும் இங்கே வந்துவிடலாம். கடிதத்தை வாசித்துச் சொன்னவர் தபால்காரர். வாசித்து முடித்துவிட்டுச் சைக்கிளில் ஏறாமல் கொஞ்ச நேரம் நின்றாராம், பெத்தா அழுவார் என்று. "அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்" என்றார் பெத்தா.

ஊரில் ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். உனக்கு வீடு இருக்கிறது, வளவில் அறுபது தென்னை இருக்கிறது, உனக்கென்ன குறை? சொன்னவர்கள் எல்லோரும் பெண்கள், எல்லோருக்கும் சொந்த வீடு. என் பல்கலைக்கழகக் கட்டுரை முழுவதையும் அந்தப் பெண்கள் 1964இலேயே பெத்தாவின் திண்ணையில் இருந்து சொல்லியிருக்கிறார்கள். பெத்தா தலையாட்டிக் கேட்டிருக்கிறார். இரண்டு நாள் கழித்து, ஏழு மாத வயிற்றோடு, தன் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு குருமண்வெளித் துறைக்குப் போய்த் தோணி ஏறியிருக்கிறார்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில், மண்டூருக்கும் அப்பால், மந்திரம் தெரிந்த ஒரு கிழவர் இருந்தார். பெயரைப் பெத்தா சொல்லவில்லை, சொல்லக்கூடாதாம். தோணியில் வாவித் தண்ணீர் பாதத்தில் பட்டுக்கொண்டே இருந்தது, வயிற்றில் பிள்ளை உதைத்துக்கொண்டே இருந்தது. பெரியம்மா வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார்: "வெட்கமில்லையாகா உனக்கு? மாப்பிள்ளை வேண்டுமென்றால் வேறு மாப்பிள்ளை இல்லையா?" கிழவர் வாத்தியார் உடுத்த வேட்டியின் கரையில் ஒரு துண்டு கேட்டார். அதைத் திரித்து நூலாக்கி, எதையோ முணுமுணுத்து, முடிச்சுகள் போட்டுக் கொடுத்தார். அவர் படுக்கும் பாயின் விளிம்பில் இதை வைத்து இழை, தலைமாட்டுப் பக்கம் என்றார். ஐந்து ரூபாய், ஒரு கட்டு வெற்றிலை. வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, விளக்கு வெளிச்சத்தில் தன் கையால் இழைத்த பாயின் விளிம்பைத் தானே பிரித்தார். "இழைத்ததைப் பிரிக்கிறது ஆகாது மனே. அதற்குத்தான் கை நடுங்கியது" என்றார். மந்திரத்துக்கு நடுங்கவில்லை.

எத்தனை நாளில் வந்தார் என்று கேட்டேன். ஒன்பது நாள் என்றார் ஒருமுறை, பன்னிரண்டு என்றார் இன்னொருமுறை. மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாராம், ஒரு பெட்டி, ஒரு உமல் நிறையப் பனாட்டு. இடமாற்றம் என்ன ஆனது, தமையன் என்ன சொன்னார், தாய் எப்படி இருக்கிறார் என்று எதுவும் இல்லை. பெத்தா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "சாப்பிட்டீர்களா?" இல்லை என்றார். வீட்டில் கஞ்சிதான் இருந்தது. குடித்தார்.

"ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்கவே இல்லையா?"

"கேட்டால் சொல்லிவிடுவாரே" என்றார் பெத்தா.

இதை எழுதும் இந்த நேரம்வரை அந்தப் பதிலை நான் முழுதாகக் கடந்து வரவில்லை. நூலுக்காக வந்தாரா, தனக்காக வந்தாரா, பிள்ளைக்காகவா, தமையனோடு சண்டையா? எதுவாக இருந்தாலும் தெரிந்துவிட்டால் அது ஒன்றாகிவிடும். தெரியாமல் வைத்திருந்தவரை எல்லாமாகவும் இருந்திருக்கிறது. இல்லை, இதுவும் என் படித்த மூளையின் வேலையாக இருக்கலாம். ஒருவேளை பயத்தில் கேட்காமல் விட்டிருக்கலாம். அந்தப் பதினைந்து வருடமும் அந்தப் பாயில் வேறு யாரையும் படுக்க விட்டதில்லை என்றும், துவைக்கக்கூடத் தானே எடுத்துப் போவார் என்றும் அம்மா பிறகு சொன்னார். ஏன் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பதினைந்து வருடம் என்றால் சூறாவளிவரை. 1978 நவம்பர் 23 இரவு. பெரிய வீட்டின் ஓடுகள் போயின, அறுபது தென்னையில் எட்டுத்தான் நின்றது. விடிந்து பார்த்தால் கட்டில் கிடக்கிறது, பாயைக் காணவில்லை. வேலியில் இல்லை, கிணற்றில் இல்லை, தெருவில் இல்லை. ஊர் முழுவதும் கூரையைத் தேடி அலைந்த அந்தக் காலையில், பெத்தா பாயைத் தேடியிருக்கிறார்.

"எனக்கு வீடு போனது பெரிதாகத் தெரியவில்லை மனே. நூல் போய்விட்டதே, இனி இந்த மனிதன் போய்விடுவாரே என்றுதான் இருந்தது." வாத்தியார் முற்றத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, விழுந்த தென்னைகளுக்கு நடுவில் தன் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். பெத்தா குசினி வாசலில் இருந்து பார்த்தார். அன்று முழுவதும் பார்த்தார். அடுத்த நாளும் பார்த்தார். "ஒரு கிழமை விடாமல் பார்த்தேன். தேங்காய் பொறுக்குகிறார், கிடுகு பின்ன ஆள் பிடிக்கிறார், ஆணத்தில் புளி கூடிவிட்டது என்கிறார். போகிற மாதிரியே தெரியவில்லை." இதைச் சொல்லிவிட்டுப் பெத்தா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலைச் சாறு வெள்ளைப் பாயில் தெறித்தது. அந்தப் பாய் அதற்குப் பிறகு விற்பனைக்கு ஆகவில்லை. என்னிடம்தான் இருக்கிறது.

வாத்தியார் 1994இல் இறந்தார், அதே வளவில், பின்பக்க வீட்டில், வேறொரு பாயில்.

நேர்த்தியான என் வாதம் இப்படித்தான் என் கையில் முறிந்தது. சொந்த வீடு உள்ள பெண்ணுக்கு ஆணைக் கட்டி வைக்கத் தேவையில்லை என்றேன். உண்மை, தேவையில்லை. பெத்தாவுக்குத் தேவைப்படவில்லை, வேண்டியிருந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியது நான் மட்டுமல்ல, அந்தத் திண்ணைப் பெண்களும்தான். பகிடி செய்கிறவர்கள்மேல் எனக்கு இருந்த கோபம் பிறகு வேறு பக்கம் திரும்பிவிட்டது. பொய் சொல்கிறார்கள் என்பதல்ல, கதையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பாயில் ஒட்டிய சித்தப்பாவைப் பற்றிப் பேசுகிற ஒருவருக்கும், வயிற்றுப் பிள்ளையோடு தோணியில் இருந்தவளைப் பற்றி ஒரு கேள்வியும் வருவதில்லை.

பெத்தா 2016இல் போனார். நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை. முதல்நாள் மாலை மாப்பிட்டு கேட்டுச் சாப்பிட்டார். பெரிய வீட்டில் இப்போது அம்மா இருக்கிறார், வீட்டின் உறுதிப்பத்திரம் என் பெயரில் இருக்கிறது. அம்மா எப்போது பின்பக்க வீட்டுக்கு மாறுவது என்று நாங்கள் இருவரும் பேசுவதில்லை. நான் கொழும்பில், மூன்றாம் மாடியில், வாடகைக்கு இருக்கிறேன்.

மோர்மிளகாய்க்காரர் இந்த வருடம் தை மாதம் என் மேசைக்கு வந்தார். அவருடைய தாய்க்கு முதுகு வலியாம், மெத்தையில் படுக்க முடியவில்லையாம். "உங்கள் ஊர்ப் பன்பாய் ஒன்று எடுத்துத் தர முடியுமா, தங்கச்சி?" என்று கேட்டார். பகிடியை அவர் மறந்திருக்க வேண்டும், அல்லது நினைவு வந்து மறைத்திருக்க வேண்டும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஊருக்குப் போனபோது பெத்தாவிடம் இழைக்கப் பழகிய ஒருவரிடம் வாங்கினேன். 2,500 ரூபாய். அவர் ஐந்நூறு குறைத்துக் கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. இரவு பஸ்ஸில் தலைக்கு மேலே தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன், வழி முழுக்கப் பச்சைப் பன் மணம்.

காலையில் கொடுப்பதற்கு முன் வீட்டில் விரித்து, நான்கு விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்தேன். மூன்று பக்கம் வழுவழுப்பாக இருந்தது. நான்காவதில், மூலைக்கு ஒரு சாண் தள்ளி, ஓரிடம் கொஞ்சம் தடித்திருந்தது. இடையில் முறிந்த பன்னுக்கு ஒட்டுப்போட்ட இடமாக இருக்கலாம். பிரித்துப் பார்க்கவில்லை. சுருட்டிக் கட்டி, அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.